வருடச் சந்தாவா, பக்கத்துத் தெரு மாஸ்டரா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்குப் பிரிவில் வேலை. காலை, மதியம், இரவு என்று வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. "சர்க்கரை இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது. உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர்.

பெரம்பூரில் ஒரு பெரிய ஏசி ஜிம்மைப் போய்ப் பார்த்தேன். மாதம் 2,500 ரூபாய். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 18,000. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மனைவியையும் சேர்த்தால் இருவருக்கும் 30,000. வட்டியில்லாத ஒன்பது மாதத் தவணையும் உண்டு என்றார்கள். சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது என்றதால் 1,000 ரூபாய் முன்பணத்தைப் போனிலேயே அனுப்பிவிட்டேன், ரசீது தரவில்லை. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர், வழியில் ரயில்வே கேட். எங்கள் பக்கத்துத் தெருவிலும் ஒரு பழைய ஜிம் இருக்கிறது. சேர 500, மாதம் 800. ஏசி கிடையாது. மாஸ்டர் ஒருவர்தான். பெண்களுக்குக் காலை 11 முதல் 1 மணி வரை.

நான்கு வருடத்துக்கு முன்பு வேறோர் இடத்தில் ஆறு மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டு மாதத்தோடு நின்றவன் நான். இந்த முறை பணம் வீணாகக் கூடாது. மாதம் 1,500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். எதில் சேரலாம்? பிளஸ் ஒன் படிக்கும் மகனும் வருகிறேன் என்கிறான். பளு தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று என் அம்மா தடுக்கிறார்.

வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு மாதத்தோடு நின்றவன் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயன்பட்ட வரி அதுதான். ஜிம் தேர்வு பற்றிக் கேட்பவர்கள் பொதுவாக மெஷின், ஸ்டீம் பாத், லாக்கர் என்று கூடத்தைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தங்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஏன் நின்றீர்கள் என்பதை மட்டும் நீங்களும் சொல்லவில்லை. நானே ஊகிக்கிறேன்: இரவு ஷிஃப்ட் வாரம் வந்தது. ஐந்து நாள் விட்டுப்போயிற்று. அதன் பிறகு போய் நிற்க ஒரு மாதிரி இருந்தது. பதினெட்டு வருடமாகப் பயிற்சியாளனாக இருக்கிறேன். நின்றுபோனவர்களில் பெரும்பாலானோர் கதை இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெரு ஜிம்மில் சேருங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

நானும் பெரம்பூர் பக்கம் ஆறு வருடம் சொந்தமாக ஜிம் நடத்தியவன்தான். அதனால் கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கணக்கு எனக்குத் தெரியும். என் கூடத்தில் ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேர் நின்றாலே தோளோடு தோள் இடிக்கும். ஆனால் ஜனவரி மாதம் பதிவேட்டில் இருநூறுக்கு மேல் பெயர்கள் இருக்கும். எல்லாரும் ஒரே நாளில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. மாசி பிறப்பதற்குள் பாதிப் பேர் காணாமல் போவார்கள் என்று தெரியும். வாடகையும் மின்கட்டணமும் அந்தக் காணாமல் போனவர்கள் கட்டிய பணத்தில்தான் நடந்தன. வருடச் சந்தாவை அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிவது இதனால்தான். 'சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது' என்ற பலகை என் வாசலிலும் தொங்கியது. ஆடிக்கு ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்று தேதியை மட்டும் அழித்து எழுதுவேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இது நம் ஊர்க்காரர்களின் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி மையங்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதச் சந்தாவாக 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே இடங்களில் பத்து முறை வருவதற்கான அட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகை 10 டாலரில் முடிந்திருக்கும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். உங்கள் கணக்கையும் போட்டுவிடுவோம். பெரிய ஜிம்மில் மாதாமாதம் கட்டினால் ஏழு மாதத்துக்கு 17,500. வருடச் சந்தா 18,000. ஆக, எட்டாவது மாதமும் விடாமல் போகிறவருக்குத்தான் வருடச் சந்தாவில் ஒரு ரூபாயாவது லாபம். போன முறை நீங்கள் போனது இரண்டு மாதம். இந்த முறையும் அப்படியே ஆகிவிட்டது என்று வையுங்கள்: மாதம் பன்னிரண்டு தடவை, மொத்தம் இருபத்து நான்கு வருகை. சரியான வரியான 5 சதவீதத்தோடு (அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) ஒரு வருகைக்கு 790 ரூபாய் அளவில் விழும். பக்கத்துத் தெருவில் அதே இருபத்து நான்கு வருகைக்கு, சேர்க்கைக் கட்டணமும் சேர்த்து 2,100 ரூபாய். ஒரு வருகைக்கு 90 ரூபாய்கூட ஆகாது. தோற்றாலும் தாங்கக்கூடிய தொகை.

வரி என்றதும் ஒன்று. உங்களிடம் 18 சதவீதம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஜிம், உடற்பயிற்சி மையம், யோகா மையம், சலூன் ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். 18,000-க்கு 900 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 3,240 ரூபாய் கேட்கிறார்கள். 2,340 ரூபாய் வித்தியாசம். பழைய கட்டண அட்டையை மாற்ற மறந்திருக்கலாம்; மறக்காமலும் இருக்கலாம். எப்படியானாலும் ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் இல்லாமல் வரி என்ற பெயரில் யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு கூடங்கள் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. ஆகவே பக்கத்துத் தெரு மாஸ்டர் வரி கேட்காததில் தவறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

அந்த 'வட்டியில்லாத் தவணை' எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜிம் உங்களுக்குக் கடன் கொடுக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலான இடங்களில் நடப்பது வேறு. ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் முதல் நாளே ஜிம்முக்குக் கொடுத்துவிடும். நீங்கள் அந்த நிறுவனத்துக்குக் கடன்காரர் ஆகிவிடுவீர்கள். மூன்றாவது மாதம் நீங்கள் நின்றாலும், ஏன், ஜிம்மே ஷட்டரை இறக்கிவிட்டுப் போனாலும், மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போகும். நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். நாளை மகனின் கல்லூரிக்குக் கடன் கேட்டுப் போகும்போது ஒரு ஜிம் தவணை குறுக்கே நிற்க வேண்டுமா? கையெழுத்தோ ஓடிபியோ கேட்டால், கடன் கொடுப்பவர் யார், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், செயலாக்கக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்காமல் நகராதீர்கள்.

இப்போது உங்கள் ஷிஃப்டுக்கு வருவோம். என் பார்வையில் ஜிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதுதான். காலை ஷிஃப்ட் வாரத்தில் மதியம் வீடு திரும்பி, சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்தால் மாலை ஐந்தரை மணி உங்களுடையது. மதிய ஷிஃப்ட் வாரத்தில் காலை ஏழரை மணி. இந்த இரண்டு வாரமும் மூன்று மூன்று நாள் போகலாம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் போதும். அதுவும் வேலை முடிந்த கையோடு காலை ஆறரைக்குப் போகாதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பில் இரும்பைத் தூக்கினால் முதுகுதான் பதில் சொல்லும். தூங்கி எழுந்து மாலையில் போங்கள். மூன்று வாரத்துக்கு எட்டு வருகை. கல்யாணம், காய்ச்சல், ஓவர்டைம், ஐப்பசி மழை எல்லாம் கழித்தால் வருடத்துக்கு நூற்றுப் பத்து வந்தாலே நீங்கள் கெட்டிக்காரர்.

இந்த நூற்றுப் பத்தைத்தான் பெரம்பூர் தூரம் கடித்துத் தின்னும். பைக்கில் இருபது நிமிடம் என்று மனம் சொல்லும். கேட் போட்டு, துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயில் ஊர்ந்து கடக்கும் வரை ஹேண்டில்பாரில் கையை ஊன்றி நிற்பது அந்தக் கணக்கில் வராது. மழைக்காலத்தில் வியாசர்பாடி சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் அன்று ஜிம் இல்லை. போக வரப் பெட்ரோலுக்கு ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 2,200. முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் சாலையில் நிற்பவர் எத்தனை நாள் தாங்குவார்? நடந்து போகிற ஜிம்முக்கு, மனசு வராத நாளிலும் கால் போய்விடும்.

பெரிய ஜிம்முக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். டிரெட்மில்லை ஆடம்பரம் என்று அடையாறில் இருப்பவரிடம் சொல்வேன். நம் பக்கத்தில் சொல்ல மாட்டேன். எண்ணூர் விரைவுச் சாலையிலோ மணலி சாலையிலோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேகநடை போடுவது நுரையீரலுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. ஒரே ஷிஃப்டில் வேலை, மெட்ரோவில் இறங்கினால் எதிரே ஜிம், மாதம் 2,500 கையைக் கடிக்காது என்றால் உங்களையும் அங்கேயே போகச் சொல்லியிருப்பேன். இந்த மூன்றில் ஒன்றும் உங்களுக்குப் பொருந்தவில்லை.

பழைய ஜிம் என்றதும் எனக்குக் கொஞ்சம் பாசம் வந்துவிடும். வடசென்னையில் 'தேகப்பயிற்சி சாலை' என்று கையால் எழுதிய பலகைக்குக் கீழேதான் நான் முதல் தண்டால் எடுத்தேன். கர்லாக்கட்டை, மரப் பெஞ்ச், சுவரில் ஆஞ்சநேயர் படம், மூலையில் குத்துச்சண்டைப் பை. மாஸ்டர் சந்தாவைக்கூட மறந்துவிடுவார்; கூடத்தைக் கூட்டாமல் போனால் மறக்க மாட்டார். அந்தப் பாசத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்: பழைய கூடம் என்பதாலேயே நல்ல கூடம் ஆகிவிடாது. வருகிற எல்லாருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்து, முதல் நாளே நூறு பஸ்கி போடச் சொல்லும் மாஸ்டர்கள் உண்டு. பழக்கமில்லாத உடம்பில் அளவு மீறிய பயிற்சி தசை நார்களையே சிதைத்துவிடும். அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். பயிற்சிக்குப் பின் ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் வலிதானே என்று காத்திருக்காமல் நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரணத் தசை வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய் நான்காம் நாள் அடங்கிவிடும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். வாரத்தில் கூட்டம் அதிகம் இருக்கும் நேரம் பெரும்பாலும் அதுதான். மாஸ்டர் போனில் இருக்கிறாரா, தூக்குகிறவர் முதுகைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நரைத்த தலை இரண்டாவது கண்ணில் படுகிறதா? இருபது வயதுப் பையன்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் 41 வயதுக்காரருக்கு ஏற்ற பயிற்சி கிடைப்பது அரிது. கேபிள் கம்பி பிரிந்திருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, வெளியேற ஒரே குறுகலான படிதானா என்று பாருங்கள். கழிப்பறைக்குள் போய் வாருங்கள். ஒரு கூடத்தின் நிர்வாகம் அங்கே தெரிந்துவிடும். பிறகு மாஸ்டரிடம் உங்கள் எச்பிஏ1சி அளவைச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒரு மாதத்தில் பறந்துவிடும்" என்று சொன்னால் சற்று யோசியுங்கள். "டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டால் அவரிடம் 1,300 ரூபாயைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் வாரத்தைக் காரணம் காட்டி, விட்டுப்போன நாட்களை அடுத்த மாதத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். சிறு கூடங்களில் இப்படிப்பட்ட சலுகை வாய்ப்பேச்சிலேயே கிடைக்கும். பெரிய ஜிம்மில் அதற்கு ஒரு படிவமும் கட்டணமும் இருக்கும்.

உங்களுக்குத் தேவையான கருவிகள் அதிகம் இல்லை. உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து எடுப்பது, சுமந்து நடப்பது என்ற ஐந்து அசைவுகளுக்கு டம்பெல்லும் பார்பெல்லும் ஒரு பெஞ்சும் தொங்குவதற்கு ஒரு கம்பியும் இருந்தால் போதும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. ஜிம் இரண்டாவதைக் கவனித்துக்கொள்ளும். முதலாவதற்கு மாநகராட்சிப் பூங்காவோ மொட்டை மாடியோ போதும். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது ரத்தச் சர்க்கரை ஏறுவதை மட்டுப்படுத்தும்.

இதற்கு இராயபுரத்திலேயே சான்று இருக்கிறது. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954-இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் அங்கிருந்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. டாக்டர் உங்களிடம் சொன்ன அதே 'வாசலில்' நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39. மாத்திரை கொடுத்த குழுவுக்குக் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அவர்களுக்குச் சொன்ன அறிவுரை நாளுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பது. யாரையும் ஏசி ஜிம்மில் சேர்க்கவில்லை.

எந்த ஜிம்மில் சேர்ந்தாலும் இரண்டாவது வாரம் புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்று உங்களை நோக்கி வரும். சந்தாவைவிட அதன் விலை அதிகம். பல கூடங்களுக்கு உண்மையான வருமானமே அதில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 70 கிலோ இருப்பவருக்கு 58 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து வரும் மத்தியும் கானாங்கெளுத்தியும் தெருமுனைக் கொண்டைக்கடலைச் சுண்டலும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மீனை வறுக்காமல் குழம்பாக வைக்கச் சொல்லுங்கள், சோற்றைக் குறையுங்கள். அவ்வளவுதான் உங்கள் டயட் சார்ட்.

மனைவியைப் பற்றி எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். அவரைச் சேர்த்தால் எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள்; அவருக்கு ஜிம்முக்குப் போக விருப்பமா என்று ஒரு வரி இல்லை. தம்பதிச் சலுகையில் அவருக்கு விழுவது 12,000 ரூபாய். கேட்காமலே அவர் பெயரில் இந்தச் செலவைச் செய்யப் போகிறீர்கள். முதலில் கேளுங்கள். விருப்பம் என்று சொன்னால், பதினொன்று முதல் ஒன்று வரை அவருக்குத் தோதான நேரமா என்பது அடுத்த கேள்வி. சில வீடுகளில் சமையல் முடிந்து மூச்சுவிடும் நேரம் அது. சில வீடுகளில் அடுப்பு எரியும் நேரம். அந்த நேரத்தில் ஒருநாள் அவரே தனியாகப் போய்ப் பார்த்து வரட்டும். நீங்கள் பார்த்துச் சொல்வது போதாது. ஆண்கள் உள்ளே சுற்றுகிறார்களா, சொல்லிக்கொடுக்கப் பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாள் விழுகிறதா, கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதெல்லாம் பெண்களின் கண்ணுக்குத்தான் சட்டென்று படும். பிடித்திருந்தால் மாஸ்டரிடம், "இரண்டு பேர் வருகிறோம், 1,500-க்கு முடித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நானாக இருந்தால் சம்மதித்திருப்பேன். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உடற்பயிற்சிக் கருவிகள் வைத்த பூங்காக்களை மாநகராட்சி பல வார்டுகளில் திறந்துவிட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தோழியோடு காலையில் அங்கே போய் வருவது அவருக்கு இன்னும் உற்சாகமாக இருக்கலாம்.

மகன் விஷயத்தில் உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: சரியான மேற்பார்வையில் அளவாகப் பளு தூக்குவதால் பிள்ளைகளின் உயரம் நிற்காது. ஆனால் அவர் பயப்படுவதில் வேறொரு நியாயம் இருக்கிறது. பதினாறு வயதுப் பையனுக்கு மூன்று மாதத்தில் கை வீங்க வேண்டும். அந்த அவசரத்தை மோப்பம் பிடித்து ஊசியும் மாத்திரையும் விற்கிறவர்கள் சில கூடங்களில் நடமாடுகிறார்கள். ஸ்டீராய்டு ஒரு பக்கம். அறுவை சிகிச்சை அரங்கில் தாழ்ந்த ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கு வைத்திருக்கும் மெபென்டர்மின் ஊசியை, சோர்வு தெரியாமல் பயிற்சி செய்யலாம் என்று சொல்லி விற்பது இன்னொரு பக்கம். இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும் மருந்து அது. ஆகவே இப்போதைக்கு மகனுக்குச் சந்தா வேண்டாம். வீட்டில் தண்டாலும் பஸ்கியும் எடுக்கட்டும், பூங்காக் கம்பியில் தொங்கட்டும். மாஸ்டர் எப்படிப்பட்டவர் என்று மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். பிறகு கோடை விடுமுறையில், நீங்கள் போகும் நேரத்திலேயே அவனையும் அழைத்துப் போங்கள்.

சேர்வதற்கு முன் ஒருமுறை உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தத்தை மறுபடி பார்த்துவிடுங்கள். பணம் கேட்க மாட்டார்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ, வீட்டில் இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்களோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் இரும்பைத் தொட வேண்டும். உடைக்குப் பெரிய செலவு வேண்டாம். எம்.சி. ரோட்டில் இரண்டு டி-ஷர்ட், ஒரு டிராக் பேன்ட், தட்டையான அடிப்பகுதி உள்ள ஒரு கேன்வாஸ் ஷூ போதும்.

கடைசியாக அந்த 1,000 ரூபாய். இன்றே அவர்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: "இந்தத் தேதியில், இந்தப் பரிவர்த்தனை எண்ணில் 1,000 ரூபாய் முன்பணம் செலுத்தினேன். ரசீது தரப்படவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை, சேவை எதையும் பயன்படுத்தவில்லை. சேர விருப்பமில்லாததால் தொகையைத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று நீங்கள் கூறியது பற்றியும் விளக்கம் தேவை." கடைசி வாக்கியத்தை மறக்காதீர்கள், அதைப் படித்த பிறகு பேச்சின் தொனி மாறக்கூடும். பதிலுக்கு ஒருவர் போன் செய்து, பணத்துக்கு ஈடாக ஒரு வாரம் இலவசமாக வந்து பாருங்கள் என்பார். அந்த வாரம் உங்களுக்கு இரவு ஷிஃப்டாக இருக்கும். பேச்சை வளர்க்காமல் எழுத்திலேயே பதில் கேளுங்கள். பில் தராமல் பணம் வாங்குவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பத்து நாளில் பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆயிரம் ரூபாய்க்காக ஷிஃப்டை விட்டு அங்கே போய் நிற்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரும்பாலும் உதவி எண்ணோடு முடிந்துவிடும். பணம் திரும்பி வந்தால் அதோடு இன்னும் 300 ரூபாயைச் சேர்த்து மாஸ்டரிடம் கட்டிவிடுங்கள்.